பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாத பள்ளியில் என்ன கண்டிப்பு?

கரும்பலகை:
‘தமிழ்நாட்டில் தனியார் பள்ளியில்தான் படிப்பு கண்டிப்பு’ என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வரும்வரை பல தனியார் பள்ளிகளில் பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் உருப்போட்டால் மார்க் வராதா?

நாமக்கல்காரன்:
எழுதியது நான்தான். காலையில் டெஸ்ட், மாலையில் திருத்திய பேப்பர், தப்பை அன்றைக்கே திரும்ப எழுத வேண்டும். டிசம்பருக்குள் பாடம் முடித்து மூன்று திருப்புதல். இது கண்டிப்பு இல்லையா? பிளஸ் ஒன்னையே பிடித்துத் தொங்காதீர்கள்.

கரும்பலகை:
தொங்கத்தான் செய்வேன். வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் பிளஸ் ஒன் இயற்பியலில்தான் அறிமுகம். பன்னிரண்டில் முதல் அலகிலேயே மின்புலத்தைக் கணக்கிடும் காஸ் விதி. அடிப்படை தெரியாத பிள்ளை அந்தத் தருவித்தலைப் படம் மாதிரி மனப்பாடம் செய்யும். 70 மார்க் தாளில் 24, 33ஆம் கேள்விகள் கட்டாயம், சாய்ஸ் கிடையாது. அதில் கணக்கு வந்தால் அங்கேயே கை நிற்கும். வேதியியலிலும் ஐயுபிஏசி என்ற சர்வதேச முறைப்படி சேர்மங்களுக்குப் பெயரிடுதல், தூண்டல் விளைவு பிளஸ் ஒன்னில்தான். நீட்டில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

மலைக்கோட்டை:
அரசுப் பள்ளியில் பாடத்தை முழுசாக முடிக்கிறார்களா? முதுகலை ஆசிரியர் இடம் காலி, பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக ஆள் வருகிறார்.

கரும்பலகை:
நிரந்தர ஆசிரியர் டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வந்தவர். உங்கள் தனியார் பள்ளியில் யார் எழுதினார்?

நாமக்கல்காரன்:
டிஆர்பி எழுதினால் போதுமா? செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த முப்பதை அரசுப் பள்ளியும் அள்ளித்தானே போடுகிறது?

சாக்பீஸ்:
இரண்டு பக்கமும் போடுகிறது. வேதியியல் செய்முறையில் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது. அதில் இரண்டு அளவு ஒத்துவர வேண்டும். ஒருமுறை ஊற்றிவிட்டு அதே எண்ணை இரண்டாம் வரியிலும் எழுதுகிறார்கள். கரைசலைச் சொட்டவிடும் அளவுக் குழாயான பியூரெட்டில் காற்றுக் குமிழியைக்கூட வெளியேற்றுவதில்லை.

நாமக்கல்காரன்:
மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டு விவாதத்தில் தோற்ற ஆத்திரத்தைக் கரும்பலகை இங்கே தீர்க்கிறார்.

கரும்பலகை:
அங்கே பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள். இனி அந்தப் புத்தகத்தைத் தொடுவார்களா? நடத்தினார்களா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நாமக்கல்காரன்:
சொல்லியாச்சு. மேலே போய்ப் படியுங்கள்.

கரும்பலகை:
மேலே டெஸ்ட்தான் இருக்கிறது. பிளஸ் ஒன் எங்கே?