புதுப்பிப்பு: காலி மனை கிடைத்துவிட்டது

சும்மா கிடக்கும் மனையைச் சில மாதங்களுக்குப் பொது இடமாக்க உரிமையாளரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். சம்மதித்துவிட்டார்!

அவருக்குப் பிரச்சினை வாடகை இல்லை, பயம். உள்ளே விட்டால் வெளியேறுவார்களா? யாராவது விழுந்தால் யார் பொறுப்பு? அதனால் குத்தகை கேட்கவில்லை. 30 நாள் முன்னறிவிப்பில் காலி செய்யும் அனுமதி ஒப்பந்தம்தான். விபத்துக் காப்பீடு எங்கள் செலவு.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் கதையும் கைகொடுத்தது. நிலநடுக்கங்களுக்குப் பிறகு வெறுமையான மனைகளில் கேப் ஃபில்லர் என்ற குழு புகுந்து வேலை செய்தது. 2012இல் அவர்கள் வைத்த நடன மேடையில், பழைய வாஷிங் மெஷினில் காசு போட்டால் பாட்டு ஒலிக்கும், விளக்கு எரியும். அதே ஆண்டு சுமார் 3,000 மரப் பேலட்டுகளை (சரக்கு அடுக்கும் மரத் தட்டுகள்) அடுக்கி ஓர் அரங்கம் கட்டி, 2014இல் பிரித்தும் விட்டார்கள். நடன மேடையைக் கேட்டுச் சிரித்த உரிமையாளர், 'பிரித்தார்கள்' என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு சொதப்பல்: இலவசமாக வந்த பேலட்டுகளில் பாதியைத் திருப்பி அனுப்பினோம். 'எம்பி' (MB) முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிக்கொல்லி அடித்தது; 'எச்டி' (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, அதுதான் வேண்டும். முதலிலேயே பார்த்திருக்கலாம்.

மண்ணில் என்ன கலந்திருக்கிறதோ, செடிகளெல்லாம் தொட்டியில்தான். அப்புறம், மழைக்குக் கூரை மட்டும் இன்னும் முடிவாகவில்லை.