பிசி-3 செல்லில் பிடென் இல்லை, மிர்-21 எதை அடக்குகிறது?

வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய் பரவுவது பற்றி ஆய்வு செய்கிறேன், ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். மிர்-21 என்ற மைக்ரோஆர்என்ஏ, கட்டியை அடக்கும் பிடென் மரபணுவின் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு புரதம் உருவாகவிடாது என்பது தெரிந்த கதை. சரி என்று பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் மிர்-21ஐத் தடுத்தேன். செல் நகர்வைப் பார்க்க, தட்டில் வளர்ந்த செல் படலத்தில் பிப்பெட் முனையால் போட்ட கீறல் 24 மணி நேரமாகியும் பாதிகூட மூடவில்லை. மிர்-21ஐத் தடுக்காத கன்ட்ரோல் தட்டில் மூடிவிட்டது. ஆசையாக, புரதம் இருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போட்டால் இரண்டிலுமே பிடென் பட்டை இல்லை. அப்புறம்தான் உறைத்தது: எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்த பிசி-3இல் பிடெனே கிடையாது, கட்டியை அடக்கும் இன்னொரு புரதமான பி53உம் இல்லை. (முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், திட்டாதீர்கள்.)

அப்படியானால் செல் நகர்வைக் குறைத்தது எது? மிர்-21 அடக்கும் மற்ற புரதங்களான பிடிசிடி4, மார்க்ஸ் இரண்டில் எதை முதலில் பார்ப்பது? பிடென் உள்ள டியூ145 என்ற இன்னொரு புராஸ்டேட் புற்றுநோய் செல்லிலும் செய்துவிடட்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.