ஆண் உடம்பு வேறு, பெண் உடம்பு வேறு என்று உங்களுக்கு உறைத்த நாள் எது?

பாதிரிப்புலியூர் மகள்:
அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது தெருவே கூடிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தார், வியர்த்துக் கொட்டியது. என்னவென்று கீரைக்காரம்மாவுக்குக்கூடத் தெரிந்தது. நான்கு ஆண்டு கழித்து அம்மாவுக்கு வந்தபோது வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் தெரியவில்லை. தாடை வலிக்கிறது என்றாள். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று கிராம்பு எடுத்துக் கொடுத்தது நான்தான். அதை வாயில் அடக்கிக்கொண்டே எல்லோருக்கும் தோசை சுட்டாள். இரவு முதுகு வலித்தது, குமட்டியது. பக்கத்துத் தெரு மருத்துவர் வாயு என்று மாத்திரை எழுதினார். மறுநாள் காலை மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

இசிஜி எடுக்கும்போது செவிலியர், "வாயில் என்னம்மா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். கிராம்பு.

இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள், நன்றாக இருக்கிறாள். பெண்களுக்குத் தாடை, முதுகு, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வேடம் மாற்றிக்கொண்டு வருவது அதிகம், மாதவிடாய் நின்றபிறகு ஆபத்தும் கூடும் என்று இதய மருத்துவர் விளக்கினார். எனக்கு அந்த உள்ளங்கைதான் மறக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

துறைமுகத்தான்:
என்னுடையது கண். கடலூர் முதுநகர், மீன்பிடிக் குடும்பம். கப்பல் வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். புள்ளிப் படங்கள் நிறைந்த புத்தகத்தை விரித்து "என்ன எண்?" என்று கேட்டார்கள். நான் "எல்லாமே புள்ளிதானே ஐயா" என்றேன். மருத்துவர் புத்தகத்தை மெதுவாக மூடினார். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதைப் பிரித்தறியத் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் உறுத்துவது அது அல்ல. வீட்டுக்கு வந்து பெரிய படிப்பாளி போல விளக்கினேன். இந்த நிறக்குருட்டுக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருகிறது, ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்துதான் வரும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். அப்பாவைப் பெற்ற ஆயா மூலையிலிருந்து, "நான் அப்போதே சொன்னேன், அவள் வீட்டு ரத்தம்" என்றாள். அம்மா உலைமூடியை எடுத்தவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்கு முன்னால் மூன்று அக்காமார்கள். மூன்று தடவையும் இதே ஆயா அம்மாவைத்தான் ஏசினாள். குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவின் விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய். அதையும் அதே பாடத்தில்தான் படித்தேன். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆயா இப்போது இல்லை.

கடற்கரைச் சாலை நடையன்:
முதலில் எழுதிய சகோதரிக்கு. பெண்களுக்கு நெஞ்சுவலி வராது என்பதுபோல் எழுதிப் பீதியைக் கிளப்பாதீர்கள். என் மனைவிக்கு நெஞ்சில்தான் வலித்தது, பாறாங்கல்லை வைத்ததுபோல் இருந்தது என்றாள். ஆணோ பெண்ணோ, நெஞ்சுவலிதான் இன்றும் முதல் அறிகுறி. மற்றவை பெண்களுக்குக் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

இன்னும் சில விஷயங்கள். தாடையோ தோளோ முதுகோ, வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் ஆட்டோ தேடாதீர்கள், 108 அழையுங்கள். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் வலி போகவில்லை என்றால் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள், ரத்தத்தில் டிரோபோனின் பார்க்கச் சொல்லுங்கள், இதயத்தசை அடிபட்டிருந்தால் அதில் தெரியும். வாயு மாத்திரை போட்டு வலி குறைந்துவிட்டது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும்; வீட்டில் எல்லோருக்கும் பார்த்துவிட்டுத் தனக்கு மட்டும் பார்க்காத அம்மாக்களைத்தான் சொல்கிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு நடக்க இடமில்லை என்று சொல்ல வழியில்லை. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். காந்தி சிலையிலிருந்து நடங்கள். சுண்டல் வண்டி அருகில் மட்டும் நிற்காதீர்கள், உப்பு.

விளையாட்டு ஆசிரியை, மஞ்சக்குப்பம்:
கபடி. என் மாணவி, ஒன்பதாம் வகுப்பு. பாடிப் போனவள் கோட்டுக்குத் தாவித் திரும்பினாள். யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவதுபோல் ஒரு சத்தம். முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் தசைநார் அறுந்துவிட்டது. மைதானத்தின் அந்தப் பக்கம் நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

இந்த முன் தசைநார்க் காயம், ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சில மடங்கு அதிகம் என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். இடுப்பு அகலம், அதனால் தொடையெலும்பு முழங்காலுக்கு வரும் சாய்வு, குதித்து இறங்கும்போது காலை மடக்காமல் விறைப்பாக ஊன்றுவது எனப் பல காரணங்கள் சொல்கிறார்கள். கடைசியானதைப் பயிற்சியால் திருத்தலாம். நான் பையன்களுக்கு வைத்திருந்த அதே பயிற்சியை அப்படியே பெண்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன், சமமாக நடத்துகிறேன் என்ற பெருமையோடு. இப்போது தினமும் பத்து நிமிடம் மடங்கி இறங்கத்தான் பழக்குகிறேன். அவள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட வரவில்லை. வழியில் பார்த்தால் "வணக்கம் டீச்சர்" என்கிறாள்.

நடத்துநர் (ஓய்வு):
பெயர் வேண்டாம். கடலூர் – புதுச்சேரி தடத்தில் பல ஆண்டுகள் டிக்கெட் கிழித்தவன். இடது மார்பில் காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தோல்பை வார் உராய்ந்த காய்ப்பு என்று ஓர் ஆண்டு விட்டுவிட்டேன். காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் மகன் பிடிவாதமாக அழைத்துப் போனான்.

படம் எடுக்கும் அறைக்கு வெளியே இருபது பெண்கள், நடுவில் நான். சீட்டை வாங்கிய பெண், "பெரியவரே, நோயாளியை உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே நில்லுங்கள்" என்றார். நான் நின்றேன். உண்மையிலேயே வெளியே போய் நின்றேன். மகன் வந்து கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தான். பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், பஸ்ஸில் விடுவதுபோல.

ஆணுக்கும் மார்புத் திசு உண்டு, கொஞ்சமாக. மார்பகப் புற்றுநோய் நூறு பேருக்கு வந்தால் ஏறத்தாழ ஒருவர் ஆண். அந்த ஒருவர் தாமதமாகத்தான் வருவார், என்னைப்போல. எடுத்துவிட்டார்கள், மாத்திரை ஓடுகிறது. அந்த மாத்திரையும் பெண்களுக்குக் கொடுப்பதுதானாம். பனியன் இல்லாமல் கிணற்றடியில் குளிப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

வில்லியனூர் வாசகன்:
எல்லாம் சரி. மொத்தத்தில் பெண் உடம்பு பலவீனம், இயற்கையே அப்படித்தான் படைத்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்?

தேவனாம்பட்டினம்:
வில்லியனூர் அண்ணனுக்காகத்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. கடலூர்க் கரையோரத்தில் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். உடம்பு பலவீனம் என்பீர்கள். பெண் உடம்பில் கொழுப்பு விகிதம் ஆணைவிட அதிகம், தண்ணீரில் மிதப்பதற்கு அது சாதகமான உடம்பு. ஆழ்கடலில் இருந்த ஆண்களுக்கு அலை அடியில் போனதே தெரியவில்லை. கரையில் மீன் வாங்கக் கூடையோடு நின்றது பெண்கள். எங்களில் யாருக்கும் நீந்தத் தெரியாது. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் பிறந்து, ஆண்பிள்ளைகள் எல்லோரும் நடக்கப் பழகியதும் தண்ணீரில் விழுந்தவர்கள், எங்களை ஒருவரும் இறக்கவில்லை.

என் சித்தி முருங்கை மரத்தைப் பிடித்துவிட்டாள். நான் கூரைமேலிருந்து பார்த்தேன். தண்ணீர் திரும்பும்போது அவள் புடவை முள்வேலியில் சிக்கியது. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவிழ்க்கப் பார்த்தாள். சுற்றிலும் ஆம்பளைகள் இருந்தார்கள். அவிழ்க்கப் போன கை, கொசுவத்தைத் திரும்ப இழுத்துச் செருகியது. நான் பார்த்தேன் அண்ணா, செருகினாள்.

நடத்துநர் (ஓய்வு):
அம்மா, நான் அன்று மதியம் பஸ்ஸை மஞ்சக்குப்பத்திலேயே நிறுத்திவிட்டு வந்தவன். அந்த வேலியை எனக்குத் தெரியும்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை:
என்னுடையது சின்னது. ரத்ததான முகாமில் ஹீமோகுளோபின் 11.8 வந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள், 12.5 வேண்டுமாம். என் தம்பி 15 காட்டிவிட்டு ஜூஸ் குடித்தான். அவன் மூன்று மாதத்தில் மறுபடி கொடுக்கலாம், பெண் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். மாதாமாதம் ரத்தம் போகிற நம் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்று ஒரு பக்கம் சந்தோஷம். அவன் ஜூஸ் டப்பாவை என்னிடம் நீட்டினானே, அதுதான் ஆத்திரம்.

கடற்கரைச் சாலை நடையன்:
மகளே, சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை நிறுத்து, அது இரும்புச் சத்தைச் சேரவிடாது. முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. பூச்சி மாத்திரை எப்போது போட்டாய்? அப்புறம், சகோதரி பாதிரிப்புலியூர், அம்மாவுக்கு வயது என்ன என்று எழுதவே இல்லையே?

பாதிரிப்புலியூர் மகள்:
அறுபத்து மூன்று ஐயா. தாடை வலித்தால் இப்போது அவள் என்னிடம் சொல்வதே இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போகிறேனாம். நேற்று அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன், கிராம்பு குறைந்திருக்கிறது. இன்று மாலை அழைத்துப் போகிறேன்.