புடவை 1,450, கட்டி முடிக்கும்போது 2,600

வடபழனிவாசி:

அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்குத் துணி எடுக்க நானும் என் கணவரும் போன மாதம் தி.நகர் போனோம். அவருக்குப் பாண்டி பஜாரில் ஒரு சட்டை, ஒரு வேட்டி. சைஸ் 40 என்று சொன்னார், கடைப் பையன் எடுத்துப் போட்டார், பணம் கட்டினோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சட்டையை அன்று இரவே போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

எனக்கு உஸ்மான் ரோட்டில் ஒரு புடவை, 1,450 ரூபாய். மயில் கழுத்து நிறம். மனசுக்குப் பிடித்த புடவைதான், அதில் குறையே இல்லை. ஆனால் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கூடவே வந்த ஜாக்கெட் துணி மெல்லிசு, உள்ளே இருப்பது தெரிகிறது. லைனிங் கட்டாயம் வேண்டும். ரங்கநாதன் தெருவில் ஒரு மேட்சிங் சென்டருக்குப் போனேன். டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் எல்லா மயில் கழுத்தும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கடைக்காரர் நாலு ரோலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் புடவை முந்தானையோடு ஒவ்வொன்றாக ஒட்டி வைத்துப் பார்த்தார். மூன்றாவதுதான் சேர்ந்தது. பொறுமையான மனிதர்.

லைனிங் 90. புடவைக் கரையின் உள்பக்கம் ஃபால்ஸ் துணி வைத்து, ஓரம் பிரியாமல் பீக்கோ அடிக்க 120. ஜாக்கெட் தையல்கூலி 550. உள்பாவாடை 240. முந்தானைக்குக் குஞ்சம் 150. கூட்டிப் பார்த்தால் 2,600. ஆட்டோவுக்கு ஆனதை இதில் சேர்க்கவில்லை. தையல்காரர் பத்து நாள் என்றார், பதின்மூன்றாம் நாள் கிடைத்தது. போட்டுப் பார்த்தால் கை தூக்க முடியவில்லை, அக்குளில் பிடிக்கிறது. திரும்பப் போய், பிரித்து, மறுபடி வாங்கி வருவதற்குள் விசேஷத்துக்கு இரண்டே நாள் பாக்கி.

விலைச்சீட்டில் போட்டிருக்கும் விலைக்கு ஆண்கள் துணி வாங்கிவிடுகிறார்கள். நமக்கு அது முன்பணம் மாதிரி. உங்களுக்கெல்லாம் எப்படி என்று எழுதுங்கள்.

வேளச்சேரி ரயில்:

புடவையை விடுங்கள் அக்கா, தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் குர்தாவிலேயே இதுதான் கதை. 799 ரூபாய்க்கு ரெடிமேட் என்று வாங்குகிறேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்பக்கம் கை இரண்டும் தனியாகக் குத்தி வைத்திருக்கிறது! சட்டைக்குக் கையைக் கழற்றி உள்ளே வைத்து எந்தக் கடையிலாவது ஆண்களுக்கு விற்பார்களா? தெருமுனையில் கை வைத்துத் தைக்க 60 ரூபாய், இரண்டு நடை. அதற்குப் பொருத்தமாக லெக்கின்ஸ் தனி, ஷால் தனி.

சைஸ் இன்னொரு தலைவலி. ஒரு கடையில் நான் எம், பக்கத்துக் கடையில் எக்ஸ்எல். என் தம்பி பேன்ட் வாங்கும்போது இடுப்பு 34 என்கிறான், அளவு அங்குலத்தில் இருக்கிறது, எங்கே போனாலும் ஏறக்குறைய அதேதான். எனக்கு ஒவ்வொரு முறையும் ட்ரையல் ரூம் வாசலில் வரிசை. உள்ளே போனதும் கொக்கி, கண்ணாடி ஓரம், மேல் மூலை எல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் துப்பட்டாவை எடுப்பேன். கேமரா பயம். அந்தப் பழக்கம் எனக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

அப்புறம் பாக்கெட். பறக்கும் ரயிலில் ஏறும்போது சீசன் டிக்கெட், போன், வீட்டுச் சாவி எல்லாம் கையில். ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். கைப்பை இருக்கிறதே என்பார்கள். அந்தக் கைப்பையையும் நான்தானே காசு கொடுத்து வாங்குகிறேன்? தம்பியின் பேன்ட்டில் நாலு பாக்கெட், அவன் எதையும் சுமப்பதே இல்லை.

புரசைவாசி:

ஒரு ஆணாக எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு மனைவிக்குக் கையில் எலும்பு முறிவு. அவள் தங்கை கல்யாணத்துக்கு எல்லாத் துணி வேலையையும் நான்தான் பார்த்தேன். அளவு ஜாக்கெட் கொண்டுபோக வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிப் புடவைக் கரையை இழுக்கும் என்பதும் அப்போதுதான். ஐந்து தடவை புரசைவாக்கம் நெடுஞ்சாலைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அதுவரை அவள் தனியாகவே நடந்திருக்கிறாள், நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதற்காக இன்றும் வருத்தம் உண்டு.

வரியைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கணக்கு எழுதுவது என் தொழில். ஜிஎஸ்டியில் ஆண் துணி, பெண் துணி என்ற பிரிவு கிடையாது. 2017-இல் வந்தபோது 1,000 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆகவே இந்த வித்தியாசம் அரசாங்கம் போட்டதில்லை. துணியைப் பாதி வேலையோடு விற்பதில்தான் இருக்கிறது.

கோடம்பாக்கம் தையல்காரி:

பதினெட்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 550 ரூபாய் ஜாக்கெட்டில் முன்பக்கம் இரண்டு, முதுகு, கை இரண்டு, இடுப்புப் பட்டி, கழுத்துக்குக் குறுக்காக வெட்டிய கிராஸ் பீஸ். லைனிங் என்றால் அத்தனையும் இரண்டு தடவை வெட்ட வேண்டும். உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்பு, அதாவது டாட், அரை இஞ்ச் தள்ளிப் போனாலும் உட்காராது. ஹூக்கும் ஹெம்மிங்கும் கையால்தான். சட்டை உடம்பைத் தொடாமல் தொங்கும் துணி, ஆகவே நாலு சைஸில் தைத்து அடுக்கிவிட்டார்கள், ஆண்கள் ரெடிமேடுக்குப் போய்விட்டார்கள். ஜாக்கெட் அப்படி இல்லை. இழுபடாத துணி, உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு, மருந்து சாப்பிட்ட பிறகு, ஆறே மாதத்தில் அளவு மாறும். அதனால்தான் நாங்கள் தையலுக்கு உள்ளே கூடுதல் துணி விட்டு வைக்கிறோம். பிரித்து விடச் சொல்லுங்கள், புதிது தைக்க வேண்டாம். கொடுக்கும்போதே "ஒரு இஞ்ச் உள்ளே விடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

கூலி அதிகம் என்று எங்களிடம் பேரம் பேசுகிறவர்கள்தான் அதிகம். கடைக்காரரிடம் யாரும் பேசுவதில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே நான் தைக்கப் புதுத் துணி வாங்கிக்கொள்வதை நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் தைத்தால் தூக்கம் கிடையாது. கோபித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அந்தக் கோபம் என்மேல் வர வேண்டியதில்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

பள்ளிச் சீருடையில் இதே கதை. மகனுக்குப் பேன்ட், சட்டை. மகளுக்குச் சுடிதார், பேன்ட், மேலே ஓவர்கோட், எல்லாம் மூன்று செட். ஒரே பள்ளி, ஒரே துணி, மகனைவிட மகளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் அதிகம் ஆனது. ஓவர்கோட்டில் பேனா வைக்க ஒரு பாக்கெட்கூட இல்லை. பஸ் காசை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு போகிறாள்.

கோடம்பாக்கம் தையல்காரி:

அம்மா, ஓவர்கோட்டைக் கொண்டு வாருங்கள், வைத்துத் தருகிறேன். குர்தாவுக்கும் வைக்கலாம். பக்கவாட்டில் ஸ்லிட்டுக்கு மேலே ஏழு இஞ்ச் தையலைப் பிரித்து, உள்ளே பருத்தித் துணியில் பை தைத்து இணைத்துவிடுவேன். கால் மீட்டர் துணி போதும். போன் எடைக்குத் தொங்காமல் இருக்க மேல் முனையைப் பக்கவாட்டுத் தையலோடு சேர்த்து, பிடிப்புக்கு ஒரு டாக்கா தையல் போட வேண்டும். ஒன்றுக்கு 70 ரூபாய்.

வேளச்சேரி ரயில்:

அக்கா, என்னிடம் ஐந்து குர்தா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?