குளச்சலின் முதலெழுத்து 'க' என்று வருவது ஏன்? டெக் மேக்ரோவில் ஓர் ஐயம்

கேள்வி (நாகர்கோவில்)

வணக்கம். குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களைத் தொகுக்கும் நூலொன்றை ஸீலேடெக்கில் (டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலின் ஒரு வடிவம்) வடிவமைத்து வருகிறேன். ஒவ்வொரு பெயரும் கோப்பிலிருந்து 'ஊர்' என்னும் மேக்ரோவுக்குள் (உரையைத் தாங்கி நிற்கும் குறுங்கட்டளை) வந்து சேரும். அதன் முதலெழுத்து மாறும்போதெல்லாம் அந்த எழுத்து தலைப்பாக அச்சாக வேண்டும் ('தலையெழுத்து' என்று எழுதத் தயங்குகிறேன்). சொல்லின் தொடக்கத்திலிருந்து கேட்ட அளவு எழுத்துகளை எடுத்துத் தரும், எக்ஸ்ஸ்ட்ரிங் தொகுப்பின் ஸ்டர்லெஃப்ட் கட்டளையிடம் ஓரெழுத்து கேட்டால், குளச்சலுக்கும் குழித்துறைக்கும் கொல்லங்கோட்டுக்கும் ஒரே 'க'வைத்தான் தருகிறது. இரண்டு கேட்டால் 'கு' சரியாகவே வருகிறது, ஆனால் தக்கலை 'தக' ஆகிவிடுகிறது.

இதைவிட விளங்காத ஒன்றும் உண்டு. கோட்டாறு என்னும் பெயர் இரண்டு பட்டியல்களில் இருக்கிறது. திரையில் இம்மியும் வேறுபாடில்லை. இரண்டு மேக்ரோக்கள் ஒன்றுதானா என்று பார்க்கும் இஃப்எக்ஸ் கொண்டு ஒப்பிட்டாலோ இரண்டும் வேறு என்கிறது.

மறுமொழி 1 (மார்த்தாண்டம்)

ஐயா, டொனால்ட் குனூத் 1978இல் வெளியிட்ட காலந்தொட்டே டெக்கில் சரம் என்றொரு தனித் தரவு வகை கிடையாது. இருப்பவை டோக்கன்கள் (டெக் ஒவ்வொன்றாகப் படிக்கும் ஓர் எழுத்துக்குறி அல்லது ஒரு கட்டளை) மட்டுமே. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் 'கு' என்பது 'க'வும் உகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள் (2965, 3009) என்பதால், ஸீலேடெக்கின் அடியில் இயங்கும் ஸீடெக் அதை இரண்டு டோக்கன்களாகவே படிக்கிறது. நாம் ஓரெழுத்து என்று எண்ணுவது அதற்குத் தெரியாது. ஆகவே முதல் டோக்கனை எடுத்த பிறகு, அடுத்தது உயிர்க்குறியா புள்ளியா என்று நாமே சோதிக்க வேண்டும். அவை 3006 முதல் 3021 வரையான எண்களுக்குள் அடங்கும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன் (#1 முதல் டோக்கன், #2 அடுத்தது, #3 மிச்சம்; இஃப்நம் எண்களை ஒப்பிடும்):

\டெஃப்\முதல்#1#2#3\முடிவு{\இஃப்நம்`#2>3005 \இஃப்நம்`#2<3022 #1#2\எல்ஸ் #1\ஃபை\எல்ஸ் #1\ஃபை}

எண்களுக்குப் பின்னுள்ள இடைவெளியை அழித்துவிடாதீர்கள். எண் அங்கே முடிகிறது என்பதை டெக் அதைக் கொண்டே அறிகிறது. அழைக்கும்போது பெயருக்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, அதன் பிறகு \முடிவு என்று எழுதுங்கள். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் ஓரெழுத்துச் சொல் வரும்போது #2க்கு எதுவும் மிஞ்சாது.

கேட்டவர்

நன்றி. \முதல்\ஊர்.\முடிவு என்று எழுதிப் பார்த்தேன். இப்போது 'குளச்சல்' என்னும் முழுப் பெயருமே தலைப்பாக வருகிறது.

மறுமொழி 1 (மார்த்தாண்டம்)

\ஊர் என்பதே ஒரு டோக்கன் அல்லவா? பிரிக்கப்படாமல் அது அப்படியே #1 ஆகிவிட்டது. முற்றுப்புள்ளி #2 ஆனது. முன்னால் எக்ஸ்பாண்ட்ஆஃப்டர் இட்டு, \எக்ஸ்பாண்ட்ஆஃப்டர்\முதல்\ஊர்.\முடிவு என்று எழுதினால், \முதல் வேலையைத் தொடங்குமுன் \ஊர் விரிந்து எழுத்துகளாகிவிடும். இந்த வரி முழுவதையும் ஓர் எடெஃப்புக்குள் (உள்ளடக்கத்தை முழுதும் விரித்து வரையறுக்கும் கட்டளை) வைத்து விடையைச் சேமிக்கலாம் என்பது கூடுதல் வசதி. ஸ்டர்லெஃப்ட்டை எடெஃப்புக்குள் வைக்க முடியாது. அதன் விடையைச் சேமிக்க, கட்டளையின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரைத்தான் தர வேண்டும்.

மறுமொழி 2 (தக்கலை)

கோட்டாறு குறித்துச் சொல்கிறேன். உங்கள் இரண்டு பட்டியல்களில் ஒன்று யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டதாக இருக்கலாம். அரைகுறையான மாற்றிகள் 'கோ'வின் ஓகாரக் குறியை 3019 என்னும் ஒரே எண்ணாக எழுதாமல், ஏகாரக் குறி (3015), கால் (3006) என்று இரண்டாகப் பிரித்து விடுகின்றன. எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடுவதால் கண்ணுக்குப் பிடிபடாது. ஸீடெக்இன்புட்நார்மலைசேஷன் (குறியெண்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்க அமைப்பு) என்பதற்கு 1 என்னும் மதிப்பை முகப்பிலேயே கொடுத்துவிட்டால், படிக்கும் ஒவ்வொரு வரியிலும் அவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆனால் ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக 'ள' தட்டப்பட்டிருந்தால் அதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது, கையால்தான் மாற்ற வேண்டும்.

அதன் பிறகும் இஃப்எக்ஸ் பிணங்கினால், ஒரு பெயரை டெஃப் கொண்டும் மற்றதை நியூகமாண்ட் கொண்டும் வரையறுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நியூகமாண்ட் உருவாக்கும் மேக்ரோ 'லாங்' வகை (பத்தி முறிவையும் உள்ளீடாக ஏற்பது). உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தாலும் அந்த வேறுபாட்டையும் இஃப்எக்ஸ் கணக்கில் எடுக்கும். வரையறையை அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்போது வரிக்கடைசியில் விழுக்காட்டுக் குறி (%) விடுபட்டால் அங்கே ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும்; நான் ஒருமுறை அரை நாள் தேடியது அதைத்தான்.

கேட்டவர்

இரண்டு பிழைகளும் என்னிடம் இருந்தன. இயல்பாக்கத்தை இட்டு, எல்லாப் பெயர்களையும் டெஃப்புக்கு மாற்றியதும் கோட்டாறு ஒன்றானது. தலைப்புகளும் க, கு, கொ, கோ என்று பிரிந்து வருகின்றன. ஆனால் குளச்சல் முன்னும் குழித்துறை பின்னும் நிற்கிறதே?

மறுமொழி 2 (தக்கலை)

அது மேக்ரோவின் குற்றமன்று. பட்டியலைக் குறியெண் வரிசையில் அடுக்கியிருப்பீர்கள். யூனிகோடில் ற, ல, ள, ழ, வ என்பதே வரிசை. நமது நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள, ற. கோப்பை டெக்கிடம் கொடுக்குமுன், தமிழ் அகரவரிசை அறிந்த வேறொரு நிரலால் அடுக்கிக்கொள்ளுங்கள்.