சின்ன உப்புநீர்த் தொட்டியில் அடிக்கிற மீன்: என்ன செய்தால் அடங்குகிறது?

60 செ.மீ. நீளத் தொட்டிகளில் அதிகம் பார்ப்பது டொமினோ டாம்சல் என்ற மீனின் தொல்லைதான். வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவு. வளர்ந்தால் 14 செ.மீ. வரை போகும், ஆனால் அடிதடி அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். கடலில் துரத்தப்படும் மீன் எல்லையைத் தாண்டியதும் துரத்தல் நின்றுவிடும். இங்கே எந்தப் பக்கம் ஓடினாலும் அவன் எல்லைக்குள்தான்.

பல தொட்டிகளில் இதற்கு வேர், சைக்கிள் செய்வதற்காக (அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் புதுத் தொட்டியில் வளர்ப்பதற்காக) முதலில் டாம்சலை விடும் பழைய பழக்கம். முதலில் குடியேறிய மீனுக்கு மொத்தத் தொட்டியும் சொந்தம். அம்மோனியா கரைசல் ஊற்றியே சைக்கிளை முடிக்கலாம், மீன் தேவையில்லை. பிறகு ஃபயர்ஃபிஷ், கோபி போன்ற சாதுக்கள் முதலில்; க்ளவுன் மீன் நடுவில்; டாட்டிபேக், சிக்ஸ்லைன் ராஸ் மாதிரி முரட்டு ஆட்கள் கடைசியில். டாம்சல்தான் வேண்டுமென்றால் மஞ்சள்வால் டாம்சல் ஒன்றே ஒன்று போதும். அந்த இனத்தில் ஓரளவு பொறுமையானது அதுதான்.

*

வரிசை சரி. ஆனால் அடிக்கிற மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்? அங்கே புதுமீனை முதலில் அடைத்து வைக்கும் பெட்டிதான் கைகொடுக்கும்.

தெளிவான அக்ரிலிக் பெட்டி, சுமார் 20 × 15 × 15 செ.மீ., சுற்றிலும் 5 மி.மீ. துளைகள், கட்டாயம் மூடி. தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்க, அடிக்கிறவன் சுற்றும் பக்கமாகப் பார்த்து. தள்ளி ஒரு மூலையில் வைத்தால் பயனே இல்லை, அவன் புதுமீனைப் பார்த்துப் பழகணும். உள்ளே ஒரு பிவிசி எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) போடுங்க, புதுமீன் ஒளிய இடம் வேணும். தீனியைப் பெட்டிக்குள்ளேயே கொடுத்து, மிச்சத்தை அன்றன்றைக்கே எடுத்துடணும்.

முதல் நாள் பெட்டிச் சுவரில் வந்து முட்டுவான். துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் நிற்பான். பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் சலித்துப்போய் தன் வழியே போவான். ஐந்திலிருந்து ஏழு நாள் கழித்து, விளக்கு அணைந்த பிறகு திறந்துவிடுங்க. ஏழாம் நாளும் முட்டிக்கொண்டிருந்தால் திறக்காதீங்க. அந்த இரண்டும் ஒத்துப்போகாது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

*

பெட்டி சரிப்படாவிட்டால் அடிக்கிறவனையே வெளியே எடுத்துவிடலாம். சம்பிலோ (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) மிதக்கும் பெட்டியிலோ இரண்டு வாரம் இருக்கட்டும். சம்ப் என்றால் மோட்டார் உறிஞ்சும் வாயில் வலை கட்டாயம். அந்த இடைவெளியில் மற்ற மீன்கள் குகைகளைப் பிடித்துக்கொள்ளும், திரும்பி வருபவன் புதுமீனாகத்தான் நுழைவான். அதற்கு முன் லைவ் ராக்கை (தொட்டிக்குள் இருக்கும், பாக்டீரியா குடியிருக்கும் கற்களை) இடம் மாற்றி அடுக்கினால் பழைய வீட்டின் அடையாளமும் போய்விடும். பவளங்களைக் கல்லில் ஒட்டியிருப்பவர்களுக்கு இது நடக்காது. ஆழமான மணல் படுகையைக் கிளறவும் கூடாது. கல்லை நகர்த்திய அன்றும் மறுநாளும் தண்ணீரில் அம்மோனியா அளவைப் பாருங்கள்.

*

வெளியே எடுப்பது என்று சொல்வது எளிது. சிக்ஸ்லைன் ராஸை வலையோடு துரத்தினால் அது கல்லுக்குள் போகும், நீங்கள் கல்லை ஒவ்வொன்றாகப் பிரிப்பீர்கள், மற்ற மீன்கள் எல்லாம் மிரண்டு நிற்கும். இரவிலும் வழியில்லை, கல் இடுக்கில் சளிக்கூடு கட்டி அதற்குள் தூங்கும்.

பாட்டில் பொறி நம்பகமானது. ஒரு லிட்டர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, விளிம்பில் இரண்டு இடத்தில் நைலான் நூலால் கட்டுங்கள். அடியில் ஊசித்துளைகள், உள்ளே எடைக்கு ஒரு சிறு கல். இரண்டு நாள் வெறுமனே தொட்டியில் கிடக்கட்டும், மீனுக்குப் பழகட்டும். மூன்றாம் நாள் தீனி போடாமல், மைசிஸ் இறாலைப் பாட்டிலுக்குள் மட்டும் வையுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு மீனும் சேர்ந்து நுழைந்துவிட்டால் பொறிக்குள்ளேயே அடி விழும்.

மெரூன் க்ளவுனுக்கு வலையே வேண்டாம். அதன் கன்னத்தில் முள் உண்டு, வலைக் கண்ணியில் மாட்டிக் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு சேர்த்து மொண்டுவிடுங்கள்.

*

க்ளவுன் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். சின்னது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. அது பணிவு; ஜோடி சேர்கிறது என்று அர்த்தம். சம அளவில் இரண்டு பெரிய மீன்களைச் சேர்த்தால் இரண்டுமே பெண்ணாக இருக்கலாம். ஆணாக இருந்து பெண்ணாக மாறியது மீண்டும் ஆணாக மாறாது, ஒன்று சாகும்வரை சண்டை நீளும். ஒன்று பெரியது, ஒன்று குட்டி என்று எடுங்கள்.

இத்தனை நாள் சாதுவாக இருந்த ஜோடி திடீரென்று கையைக் கடித்தால், கல்லின் அடியிலோ கண்ணாடியிலோ ஆரஞ்சு முட்டைப் படலம் இருக்கிறதா பாருங்கள். பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் சுத்தம் செய்ய வேண்டாம். கையில் காயம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மெரினம் என்ற கிருமி தோலில் பிடித்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

*

கண்ணாடி காட்டும் உத்தியைப் பலர் கேட்கிறார்கள். தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினால் அடிக்கிறவன் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டுவான், புதுமீன் மூச்சு விடும். முதல் சில நாளுக்குச் சரி. அதையே தீர்வாக வைத்துக்கொள்ள முடியாது.

எல்லாத் துரத்தலும் ஆபத்தில்லை. வாயால் தொடாமல் விரட்டிவிட்டுத் திரும்புவது தினசரி நடப்பு. அடி வாங்கும் மீன் ஹீட்டருக்குப் பின்னாலோ நீர்மட்டத்தின் மூலையிலோ ஒடுங்கி நின்று, வால் ஓரம் நார் நாராகி, செவுள் வேகமாக அடித்து, தீனி விழும்போதும் வெளியே வராமல் இருந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். இரண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டால் பெரும்பாலும் தாங்காது.

பிரிக்கும்வரை தொட்டிக்கு மேல் 6 மி.மீ. கண்ணி வலை மூடி இருக்கட்டும். விரட்டப்படும் ஃபயர்ஃபிஷ், ராஸ் எல்லாம் ஒயர் போகும் சின்ன இடைவெளியைக்கூடக் கண்டுபிடித்துக் குதித்துவிடும். அந்த ஓட்டையையும் பஞ்சு வைத்து அடையுங்கள்.