கடைசிச் சுற்று முடிந்து மூன்று மணி நேரம் ஆகிறது, முடிவை ஏன் இன்னும் அறிவிக்கவில்லை?

நோட்டுக்காரி, இரவு 8.40

சட்டமன்றத் தேர்தல் எண்ணிக்கை. எங்கள் தொகுதிக்கு மொத்தம் 22 சுற்று. காலையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் சுற்று வாரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். 14ஆவது சுற்று வரை எங்கள் ஆள் 1,900 ஓட்டு முன்னிலை. அப்புறம் கரைய ஆரம்பித்தது. 19இல் 640. 21இல் 88. கடைசிச் சுற்று மாலை 5.35க்கு முடிந்தபோது எதிராளி 31 ஓட்டு முன்னால் போய்விட்டார். அதோடு சரி, அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஆணையத்தின் தளத்தில் இன்னமும் 'முன்னிலை' என்றுதான் இருக்கிறது. ஒரு சேனலில் 31, இன்னொன்றில் 131. மூன்றாவது சேனலில் எங்கள் ஆள் ஜெயித்தே விட்டார்.

அண்ணன் உள்ளே ஏஜென்ட், 9ஆம் மேசை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அண்ணி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். கட்சி குரூப்பில் 'கரண்ட் போச்சு, மெஷினை மாத்துறாங்க' என்று ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ்.

எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு எண்ணுவதற்கு இன்னும் என்னதான் மிச்சம்? மறுஎண்ணிக்கை கேட்டால் கொடுப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வதந்தி வேண்டாம், அது இங்கேயே நிறைய இருக்கிறது.

வெட்டிப்பேச்சு, இரவு 8.52

31 எல்லாம் ஒரு வித்தியாசமா? மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கும். விடியும்போது பாருங்கள், எண்ணே மாறியிருக்கும்.

பழைய வாத்தியார், இரவு 9.15

அம்மா, முந்தைய பதிலை விடுங்கள். நான் நான்கு தேர்தலில் எண்ணிக்கை மேற்பார்வையாளராக மேசையில் உட்கார்ந்தவன். இந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

முதலில் விவிபேட், அதாவது போட்ட ஓட்டு எந்தச் சின்னத்துக்கு என்று சீட்டில் அச்சடிக்கிற மெஷின். தொகுதிக்கு ஐந்து பூத்தைக் குலுக்கலில் எடுத்து, அந்த ஐந்தின் சீட்டுகளையும் கையால் எண்ணி மெஷின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். வழக்கமாகக் கடைசிச் சுற்றுக்குப் பிறகுதான் இது நடக்கும். வலையடித்த ஒரு கூண்டுக்குள், ஒவ்வொரு பூத்தாக. அந்தச் சீட்டு மெல்லிசுத் தாள், விரலில் ஒட்டும், சுருண்டுகொள்ளும். சின்னம் வாரியாகப் பெட்டியின் சிற்றறைகளில் போட்டு, 25 25ஆகக் கட்டுப் போட்டு, ஒவ்வொரு கட்டையும் ஏஜென்டுகளுக்குக் காட்ட வேண்டும். ஒருவர் 'நடுவில் ஒன்று நம்முடையது மாதிரி இருந்ததே' என்றால் கட்டைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து. ஒரு பூத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தபால் ஓட்டு. காலை 8 மணிக்கே அதைத்தான் முதலில் எடுப்பார்கள், ஆனால் வில்லங்கம் கடைசியில்தான் வெளியே வரும். வெளி உறைக்குள் உறுதிமொழிப் படிவம் 13ஏவும், ஓட்டு வைத்து ஒட்டிய உள் உறையும் இருக்க வேண்டும். உறுதிமொழியில் கையெழுத்து இல்லையா, அதிகாரி சான்றளிக்கவில்லையா, வரிசை எண் ஒத்துவரவில்லையா, உள் உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அப்படி ஒதுக்கப்படுவதில் தேர்தல் வேலை பார்த்தவர்களின் ஓட்டும் இருக்கும். ஊருக்கெல்லாம் எப்படி ஓட்டுப் போடுவது என்று சொல்லிக்கொடுத்த ஆட்கள்! ஒருமுறை என் கைக்கு வந்த 13ஏவில் எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து, என்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவர். சான்றளிக்கும் இடம் வெற்று. ஒன்றும் பேசாமல் ஒதுக்கிய கட்டோடு சேர்த்து வைத்தேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

உங்கள் தொகுதிக்கு இதுதான் முக்கியம்: அப்படித் தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம் என்றால், தேர்தல் நடத்தும் அலுவலர் அத்தனையையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். வித்தியாசம் 31. தள்ளியது எத்தனை என்று கேட்டீர்களா?

இன்னொன்றும் உண்டு. ஓட்டுப்பதிவு நாள் காலையில் மாதிரி ஓட்டு குறைந்தது 50 போட்டுப் பார்த்துவிட்டு, அவற்றை மெஷினிலிருந்து துடைத்த பிறகுதான் பூத்தைத் திறக்க வேண்டும். ஏதாவது ஒரு பூத்தில் துடைக்க மறந்திருந்தால் அந்த மெஷினை எண்ணாமல் தனியே வைப்பார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதைத் தொடவே மாட்டார்கள். சிறியதென்றால் அந்த பூத்தின் விவிபேட் சீட்டை எண்ண வேண்டும்.

மெஷின் மாற்றம் என்கிறார்களே, ஓட்டைப் பதிந்து வைக்கிற ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டின் எண்ணும் ஏஜென்டிடம் இருக்கிற 17சி (பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்குப் படிவம்) நகலில் இருக்கிறது. மாற்றினால் முதலில் கத்துவது உங்கள் அண்ணனாகத்தான் இருக்கும்.

மூன்றாம்வரிசை, இரவு 9.40

வாத்தியார் ஐயா சொன்னதற்கு ஒரு சாட்சி: ராதாபுரம், 2016. அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 ஓட்டில். வழக்கே செல்லாது என்று தள்ளிய 203 தபால் ஓட்டைப் பற்றித்தான். சான்றளித்த நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அதற்குத் தகுதியான அதிகாரியா இல்லையா என்பதில் சண்டை. 2019இல் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்றத்தின் ஐந்து வருடமும் அதற்குள் ஓடியே போய்விட்டது!

2023இல் பெங்களூரு ஜெயநகரிலும் இதே கதை. முன்னிலையில் இருந்த காங்கிரஸ் வேட்பாளர், தள்ளிய தபால் ஓட்டுகளை மறுபடி எடுத்த பிறகு 16 ஓட்டில் தோற்றார். அறிவிக்க நள்ளிரவு நெருங்கிவிட்டது.

மறுஎண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள் அக்கா. மொத்தக் கணக்கை வாசித்ததும், முடிவுத் தாளான படிவம் 20இல் அலுவலர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வேட்பாளரோ, அவர் இல்லாதபோது அவருடைய தேர்தல் ஏஜென்டோ எண்ணிக்கை ஏஜென்டோ எழுத்தில் கேட்க வேண்டும், காரணத்தோடு. 'சந்தேகமாக இருக்கிறது' என்று எழுதினால் தள்ளிவிடலாம். எந்தச் சுற்று, எந்த மேசை, எது இடிக்கிறது என்று எழுத வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அங்கே கதவு சாத்தியாயிற்று, அப்புறம் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றம்தான். சமமாக வந்தால் குலுக்கல் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே ஓட்டில் தோற்றவர்களும் உண்டு: 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி, 2008இல் ராஜஸ்தானின் நாத்வாரா. 31 ஓட்டு அவர்களுக்கு ஆடம்பரமாகத் தெரியும்.

நோட்டுக்காரி, இரவு 11.25

அண்ணன் பேசினான். வாசலுக்கு வந்து யாரிடமோ போன் வாங்கி, இரண்டே நிமிடம். தொண்டை கட்டிப் போயிருக்கிறது.

வாத்தியார் ஐயா, நீங்கள் உள்ளே இருந்து பார்த்தது போலவே இருக்கிறது. தள்ளிய தபால் ஓட்டு 58. எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார்களாம். அதில் நான்கு செல்லும் என்று முடிவானது, மூன்று நமக்கு, ஒன்று அவர்களுக்கு. ஆக 31 இப்போது 29. ஐந்து பூத் விவிபேட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆனால் 17ஆவது சுற்றில் அண்ணனின் மேசைக்கு வந்த ஒரு மெஷின் 792 என்று காட்டியிருக்கிறது. 17சியில் 742. சரியாக 50 அதிகம். அதைத் தனியே வைத்தது அவனுக்குத் தெரியும், நல்ல முன்னிலை இருந்ததால் அப்போது யாரும் சட்டை செய்யவில்லை. இப்போது அந்த 742 சீட்டையும் கூண்டுக்குள் எண்ணப் போகிறார்கள்.

பழைய வாத்தியார், இரவு 11.31

742 என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும் அம்மா. அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்த பூத் யாருக்குச் சாதகமானது?

நோட்டுக்காரி, இரவு 11.38

தெரியவில்லை ஐயா. அது எங்கள் தெரு பூத். நானும் அண்ணியும் அங்கேதான் ஓட்டுப் போட்டோம். காலையிலிருந்து எழுதிய இந்த நோட்டில் எங்கள் இரண்டு பேர் ஓட்டு மட்டும் இல்லை.